இஞ்சி விரல் மடக்கிய கதை

அந்தக் காலத்தில் செடிகொடிக்கும் வாய் இருந்தது. பூனை பேசும், புடலங்கொடி பேசும், ஓடைக்கரை நாணல் வாயைத் திறந்தால் மூடாது. அம்மிக்கல் மட்டும் பேசுவதில்லை, அதற்கு வேலை அதிகம். தண்ணீர் எடுக்கப் போனவள் தனியாகப் போகமாட்டாள், வழியெல்லாம் யாராவது ஒருவர் "என்ன குழம்பு?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். தனிமை என்றொரு சங்கடம் இருப்பதே மனிதர்களுக்குத் தெரியாமல் இருந்த நாட்கள் அவை. நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

அப்போது இஞ்சி இப்படி மண்ணுக்குள் முடங்கிக் கிடக்கவில்லை. இடுப்பளவு தண்டின் நுனியில், ஐந்து விரலையும் விரித்த வெள்ளைக் கை ஒன்றை வெயிலில் நீட்டிக்கொண்டு நிற்கும். கடித்தால் வெள்ளரிப் பிஞ்சை விடச் சப்பென்று இருக்கும். அதனால் சமையலுக்கு யாரும் அதைத் தேடுவதில்லை. போகிற வருகிற பிள்ளைகள் உள்ளங்கையில் கிச்சுக்கிச்சு மூட்டிவிட்டு ஓடுவார்கள். எதையும் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாத கை அது. அணில் ஒரு கொட்டையைக் கொடுத்து, "இத வெச்சிரு, தோ வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனால், திரும்பி வருவதற்குள் கொட்டை கீழே கிடக்கும். ஊரே அதை ஓட்டைக்கை என்றுதான் கூப்பிட்டது. அதற்கும் கோபம் வராது.

கூதல்பாடி என்று ஒரு மலையூர். பெயருக்கேற்ற குளிர். கார்த்திகை பிறந்தால் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். அந்த ஊரில் சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டு அடுப்புக்குத் தாயடுப்பு என்று பெயர், ஏனென்றால் அது அணைந்ததே இல்லை. ஊரார் ராத்திரி தங்கள் அடுப்பை அவித்துவிட்டு நிம்மதியாகப் படுப்பார்கள். விடிந்ததும் சடைச்சி வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு நெருப்புக் கங்கு வாங்கிக்கொண்டு போவார்கள். குளிர்காலத்துச் சாயங்காலங்களில் எல்லாரும் அந்த அடுப்பைச் சுற்றித்தான் இருப்பார்கள். சடைச்சி பெரிய பானையில் வெந்நீர் போட்டு, மலைத்தேனை ஊற்றிக் கலக்கி, மூங்கில் குவளைகளில் கொடுப்பாள். குடிக்கும்போது இதமாக இருக்கும். குவளை ஆறினால் குளிரும் திரும்பி வந்துவிடும். இருந்தாலும் அந்தக் கூட்டமும் சிரிப்பும் புகையும் சேர்ந்து, வீட்டுக்குப் போக யாருக்கும் மனசு வராது.

சடைச்சிக்கு உயிர்த்தோழி நல்லி. இருவரும் ஒரே ஊரில் பிறந்து, ஒரே மாதத்தில் கூதல்பாடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். வந்த புதிதில் மாமியார்களுக்குத் தெரியாமல் ஓடைக்கரையில் உட்கார்ந்து ஒரே குவளையில் மாற்றி மாற்றிக் குடித்துப் பிறந்த வீட்டை நினைத்து அழுதவர்கள். அப்படிப்பட்ட நல்லி, அந்த வருஷக் கார்த்திகையில் ஒருநாள், கூட்டத்துக்கு நடுவில் ஒரு மிடறு குடித்துவிட்டு, "என்னடி சடைச்சி, பான கழுவுன தண்ணியாட்டம் இருக்குது?" என்று கேட்டுவிட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். சடைச்சியும் சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தாள். அன்றைக்கு வயிற்றுக்குள் போன அந்தச் சொல் வெளியே வரவே இல்லை.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை, கூடவே ஊசிக்காற்று. சாயங்காலக் கூட்டம் நின்றுபோயிற்று. அவரவர் வீட்டில் அவரவர் அடங்கிக் கிடந்தார்கள். அப்படி ஒரு நாள், விளக்கு வைத்து நேரமாகி, ஊரார் அடுப்பையும் விளக்கையும் அவித்துப் படுத்த பிறகு, நல்லி தலையில் ஒரு முறத்தைக் கவிழ்த்துக்கொண்டு சடைச்சி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சடைச்சி, ஒரு கங்கு குடுடி. பூவாயிக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு. கூர ஒழுகி அடுப்பு, வெளக்கு எல்லாம் அவிஞ்சு போச்சு. அவளுக்கு ஒடம்பு வெட்டி வெட்டி இழுக்குது."

பூவாயி நல்லியின் மருமகள். இருபதைத் தாண்டாத பெண்.

விளக்கு வைத்த பிறகு வீட்டு நெருப்பை வெளியே கொடுக்கக்கூடாது என்பது அந்த மலையில் முறை. உப்பும் கொடுக்கமாட்டார்கள், நெருப்பும் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் வீட்டின் சீர் அதோடு போய்விடும் என்பார்கள். சடைச்சி அந்த முறையை எடுத்துக் குறுக்கே போட்டாள்.

"வெளக்கு வெச்சாச்சே நல்லி. விடியட்டும், மொதல் கங்கு ஒனக்குத்தான்."

நல்லி கெஞ்சவில்லை. முறத்தைச் சரிசெய்துகொண்டு மழைக்குள் போய்விட்டாள். அந்நேரத்தில் ஊரில் நெருப்பு இருந்த வீடு அது ஒன்றுதான்.

சடைச்சி அடுப்பெதிரில் வந்து உட்கார்ந்தாள். உட்கார முடியவில்லை. முறை என்று அவள் சொன்னது வாய்க்கு. உள்ளே இருந்தது கோபம், பானை கழுவின தண்ணீர்க் கோபம். அது அவளுக்கே தெரிந்ததால்தான் அடுப்பின் சூடு அன்றைக்கு அவள் உடம்பில் ஒட்டவில்லை. பூவாயி கல்யாணமாகி வந்த அன்று அவளுக்கு முதல் குவளை வெந்நீரைக் கொடுத்ததே சடைச்சிதான். அந்தப் பெண்ணின் முகம் கண்முன் வந்து நின்றது.

புறக்கடைச் சுவரோரம் நின்ற இஞ்சி, கதவிடுக்கு வழியாகக் கையை நீட்டியது. "சடைச்சியக்கா, நல்லியக்கா இந்தப் பக்கமா அழுதுகிட்டே போனாங்க."

"மழையில எப்பிடித் தெரிஞ்சுது ஒனக்கு?"

"மழை சில்லுன்னு இருந்துச்சு. நடுவுல கொஞ்சம் சுடுதண்ணி என் கையில சொட்டுச்சு."

சடைச்சி எழுந்துவிட்டாள். உடைந்த ஓட்டுச்சில்லில் கங்குகளை அள்ளி, மேலே இன்னொரு சில்லை மூடிக்கொண்டு ஓடினாள். வாசலைத் தாண்டி நாலடி வைப்பதற்குள் காற்று மேல்சில்லைத் தட்டிவிட்டது. கங்கெல்லாம் சொய்ங் என்று அவிந்து கரியாயிற்று. திரும்பி வந்து பார்த்தால், திறந்து போட்ட கதவு வழியாகச் சாரல் உள்ளே புகுந்து விளக்கை அணைத்து, தாயடுப்பிலும் அடித்திருந்தது. சாம்பலைக் கிளறினாள். ஒரே ஒரு கங்குதான் மிச்சம், அதுவும் புளியங்கொட்டை அளவுக்கு.

அதை ஊதி வளர்த்தால் அடுப்பு பிழைக்கும். அவள் பெயரும் பிழைக்கும். மழைக்குள் கொண்டுபோய் அணைந்துவிட்டால் ஊருக்கே நெருப்பு இல்லை, தாயடுப்பை அவித்தவள் என்ற பேச்சு அவளோடு சுடுகாடு வரைக்கும் வரும். ஊதி வளர்க்க அவளுக்கு நேரம் இருந்தது, பூவாயிக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

"எங்கையில வையிக்கா," என்றது இஞ்சி. "நான் பச்ச, பத்திக்கமாட்டேன். வெரல மூடிக்கிட்டா மழையும் படாது."

"நீயா? ஒரு சொட்டுப் பனியக்கூட வெச்சிருக்கத் தெரியாதவ நீ. இத எப்பிடிடி புடிப்ப?"

"அதெல்லாம் எனக்கு வேணாம்னு விட்டேன்."

சடைச்சி மேற்கொண்டு யோசிக்கவில்லை. செடியை வேரோடு பிடுங்கினாள். கடைசிக் கங்கை இடுக்கியால் எடுத்து அந்த வெள்ளை உள்ளங்கையில் வைத்தாள். இஞ்சி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியது. புகை வந்தது. தோல் சுருங்கிப் பழுப்பாயிற்று. வலிக்கிறதா என்று சடைச்சி கேட்டதற்கு, "பேசாம ஓடுக்கா" என்று மட்டும் சொன்னது.

அவள் ஓடினாள். வழுக்கியது, விழுந்தாள், எழுந்தாள். இஞ்சியின் மூடிய கையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

நல்லி வீட்டுக்குள் கும்மிருட்டு. பூவாயியின் பல் கிட்டும் சத்தம் வாசலுக்கே கேட்டது. இருக்கிற துணியெல்லாம் போர்த்தி, நல்லி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சடைச்சி சுள்ளிகளைத் தடவி எடுத்துக் குவித்து, "தெற" என்றாள்.

இஞ்சி முயன்று பார்த்தது. விரல்கள் அசையவில்லை. முட்டி முட்டியாக வீங்கி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"தெறக்க வரலக்கா. நெருப்பு உள்ள போயிருச்சு. சதைக்குள்ள எரியுது."

சடைச்சி அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "முறைன்னு சொன்னேனே நல்லி, அது பொய்யிடி. கோவத்துல சொன்னேன். அப்பவே ஒரு கங்கக் குடுத்திருந்தா..."

"தெரியும்டி," என்றாள் நல்லி இருட்டுக்குள்ளிருந்து. "நாலு பேரு முன்னாடி நானும் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. இப்ப அத விடு. இவ கை சில்லிட்டுக்கிட்டே போவுது."

அப்போது இஞ்சி சொன்னது: "என் வெரல் ஒண்ண ஒடிச்சு நசுக்கிப் பாருங்க. நெருப்பு அதுலதான இருக்கு. தன்னால வரலன்னா தட்டித்தான் எடுக்கணும்."

பேசுகிற ஒன்றின் விரலை ஒடிக்க யாருக்குக் கை வரும்? சடைச்சிக்கு வரவில்லை. "ஒடிக்கா," என்று இஞ்சிதான் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒடித்தாள். அம்மியில் வைத்துக் குழவியால் ஒரு தட்டுத் தட்டினாள். அந்த இருட்டு வீட்டில், அதுவரை உலகத்தில் இல்லாத ஒரு வாசனை எழுந்தது. மூக்கில் ஏறியது, கண்ணில் நீர் வரவைத்தது. அதைத் தேனில் குழைத்து, பானையிலிருந்த பச்சைத் தண்ணீரில் கலந்து பூவாயியின் வாயில் ஊற்றினார்கள்.

பூவாயிக்குப் புரையேறியது. "என்னத்த இது, எரியுது," என்றாள். அந்த இரவில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். இன்னொரு வாய் குடித்தாள். தொண்டையில் இறங்கிய சூடு நெஞ்சுக்குப் போயிற்று, நெஞ்சிலிருந்து விரல் நுனிக்குப் போயிற்று. பல் கிட்டுவது நின்றது. நெற்றியில் வேர்வை அரும்பியது. குளிர்ந்து கிடந்த பிள்ளையை எடுத்து அவள் மார்போடு போட்டார்கள். அது கொஞ்ச நேரம் சிணுங்கிவிட்டுப் பால் குடிக்க ஆரம்பித்தது.

மீதியிருந்ததை நல்லி ஒரு குவளையில் ஊற்றினாள். ஓடைக்கரையில் குடித்தது மாதிரியே இருவரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். அழுததும் அதே மாதிரிதான்.

மழை விட்டதும் அடுத்த மலைக்கு ஓர் ஆள் போய் நெருப்பு கொண்டுவந்தான். தாயடுப்பை அவித்தவள் என்று சடைச்சியை யாரும் சொல்லவில்லை. இஞ்சிக்குத்தான் எரிச்சல் அடங்கவில்லை. வெயில் பட்டால் தாங்கவில்லை, காற்றுப் பட்டால் தாங்கவில்லை. "மண்ணுக்குள்ள வெச்சு மூடிருக்கா, அங்கதான் குளுகுளுன்னு இருக்கும்," என்று கேட்டது.

"உள்ள போனா பேச்சு வெளிய கேக்காதே," என்றாள் சடைச்சி.

"நான் பேசுனதெல்லாம் போதும்க்கா. வேணுங்கறப்ப தோண்டி எடுத்துக்க."

ஈரமான, நிழலான இடமாகப் பார்த்து அவளே குழி பறித்தாள். மூடிய கையை உள்ளே வைத்து மண்ணைத் தள்ளினாள். மறுநாள் போய், "இப்ப எரியுதா?" என்று கேட்டாள். பதில் இல்லை. அதற்கு மறுநாளும் கேட்டாள். சாகிற வரைக்கும் புறக்கடைக்குப் போகும்போதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இலை மட்டும் காற்றில் அசையும்.

அடுத்த கார்த்திகையில் தாயடுப்பைச் சுற்றி மறுபடி கூட்டம் கூடியது. பானையில் வெந்நீர் கொதித்தது. சடைச்சி இஞ்சியைத் தோண்டி, கழுவி, அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போட்டாள். குவளை ஆறிய பிறகும் குடித்தவர்கள் உடம்பில் சூடு ஆறவில்லை. பூவாயியின் மகன் கூட்டத்துக்கு நடுவில் தவழ்ந்துகொண்டிருந்தான்.

அன்று முதல்தான் இஞ்சி விரல்களை மடக்கிக்கொண்டு மண்ணுக்குள்ளேயே வளர்கிறது, நாமும் அதைத் தட்டிப் போட்டு அதன் நெருப்பைக் குடிக்கிறோம். விளக்கு வைத்த பிறகு நெருப்பு கேட்டால் இன்றைக்கும் தயங்குகிற கூதல்பாடியில், இஞ்சி கேட்டு வந்தவரை மட்டும் எந்த வீடும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.