பாதியில் நின்ற தொங்கு வீடுகள்

ஆவுடைக் கண்மாயின் கரையில் வெள்ளையம்மா என்றொரு கானாங்கோழி வாழ்ந்து வந்தாள். குளிர் தாங்காமல் வடக்கிலிருந்து பறந்து வரும் பறவைகளுக்கு, அந்தக் கண்மாயில் இடம் ஒதுக்கித் தருவது அவள்தான். வாத்துகளுக்கு மேட்டுப் புல்வெளி. உள்ளான்களுக்குச் சேற்று ஓரம். சின்னக் குருவிகளுக்கு நாணல் புதர்.

"ஆவுடைக் கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் கவலை இல்லை" என்று மலைகளுக்கு அப்பாலும் பேச்சு இருந்தது. பேச்சு பரவப் பரவக் கூட்டமும் பெருகியது.

போன பனிக்காலத்தில் அது வினையாக முடிந்தது. எல்லாருக்கும் கடைசியாக ஒரு சின்ன வாலாட்டிக் குருவி வந்து சேர்ந்தது. நாணலில் ஒரு தண்டுகூட மிச்சமில்லை.

"இடமில்லையே கண்ணு! அக்கரையில பாரேன்" என்றாள் வெள்ளையம்மா.

அக்கரையில் காட்டுப்பூனை இருந்தது. மறுநாள் காலையில் வாலாட்டியின் இறகு ஒன்று மட்டும் தண்ணீரில் மிதந்து வந்தது.

"மதினி!" என்று அக்கரையிலிருந்து பூனை கூப்பிட்டது. "உங்ககிட்ட இடமில்லைன்னா சங்கடப்படாம இங்கிட்டு அனுப்புங்க. நம்ம வயித்துல எப்பவும் இடம் இருக்கு!"

வெள்ளையம்மாவுக்கு அன்று இரை இறங்கவில்லை. இனி இந்தக் கண்மாய்க்கு வருகிற யாரையும் அக்கரைக்கு அனுப்புவதில்லை என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

கோடை வந்தது. முட்புதர் மண்டிக் கிடந்த தென்கரைக்கு எருமைகளை அழைத்து வந்தாள். "நல்லாப் புரளுங்க சாமி! ஒரு முள்ளு மிஞ்சக் கூடாது!" என்றாள். எருமைகளுக்கு அதைவிட இனிப்பான வேலை ஏது? அவை புரண்டு எழுந்ததில் வாத்துகள் தங்கும் இடம் இரண்டு மடங்காயிற்று.

ஆனால் சின்னக் குருவிகளால் தரையில் படுக்க முடியாதே! நாணலும் நினைத்த மாத்திரத்தில் வளராது. வெள்ளையம்மா கரையில் நின்று யோசித்தாள். தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்களை அண்ணாந்து பார்த்தாள். கிளைகள் எல்லாம் சும்மா கிடந்தன.

"அடடே! கீழே இடமில்லைன்னா மேலே தொங்க விட்டாப் போச்சு!" என்று துள்ளினாள்.

உடனே தூக்கணாங்குருவிகளிடம் ஓடினாள். அவற்றின் தலைவன் பொன்னையா, மஞ்சள் தலைப்பாகை கட்டியது போன்ற தலையோடு வரப்பில் புல் கிழித்துக்கொண்டிருந்தான்.

"பொன்னையா! கருவேல மரம் பூரா வீடு வேணும். சாதாரண வீடு இல்ல. ராசா மாதிரி படுத்துக்கற வீடு! உள்ளே களிமண் பூச்சு, சுவத்துல மின்மினி விளக்கு, கீழே தண்ணி, மேலே காத்து! வந்தவங்க வாயைப் பொளக்கணும்!"

"கட்டிருவோம்க்கா! புல்லு மட்டும் பக்கத்துல இருக்கணும்."

"கரையோரப் புல்லு அத்தனையும் உங்களுக்குத்தான். எடுத்துக்கங்க!"

வேலை தொடங்கியது. காலையெல்லாம் பச்சைப் புல் நார்கள் பறந்தன. கிளை நுனியில் முடிச்சு விழுந்தது. முடிச்சு வளையமானது. வளையத்துக்கு மேல் கூரை வந்தது. வெள்ளையம்மா கீழே இருந்தபடி எண்ணிப் பார்த்து எண்ணிப் பார்த்து மகிழ்ந்தாள்.

திடீரென்று ஒரு நாள் வேலை நின்றது.

ஒரு வீட்டில் நின்றிருந்தால் பரவாயில்லை. எல்லா வீட்டிலும் நின்றுவிட்டது! கூரை இருந்தது. குறுக்கே ஒரு விட்டம் இருந்தது. அடிப்பக்கம் திறந்தே கிடந்தது. களிமண்ணும் இல்லை, மின்மினியும் இல்லை. தூக்கணாங்குருவிகள் அவரவர் கட்டிய அரை வீட்டில் தொங்கிக்கொண்டு சிறகை அடித்தன, சீட்டியும் அடித்தன. ஒருவர் வாயிலும் புல் இல்லை.

"என்னப்பா நிறுத்திட்டே?" என்று கீழே இருந்து கேட்டாள் வெள்ளையம்மா.

"எங்க பங்கு ஆச்சுக்கா. இனி உங்க பங்கு!" என்றான் பொன்னையா. மறுபடியும் சிறகை அடித்தான்.

கூலி கேட்கிறான் போல என்று அவள் நினைத்தாள். கம்பு கொண்டுவந்து கொட்டினாள். இறங்கி வந்து தின்றார்கள். போய்ச் சிறகை அடித்தார்கள். கோபித்துப் பார்த்தாள். கேட்டுக்கொண்டார்கள். போய்ச் சிறகை அடித்தார்கள்.

அக்கரைப் பூனைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்ன மதினி, தொப்பி வியாபாரமா? மரம் பூரா தொப்பியாத் தொங்குதே!"

அந்த வாரமே முன்கூட்டியே இடம் பார்க்க ஒரு மூத்த வாலாட்டி வந்து இறங்கியது. வெளியூர்க்காரர், பேச்சும் அதற்கேற்றபடி இருக்கும்.

"அம்மணி, வடக்கே ஏரிகள் வற்றிவிட்டன. அங்கே தங்குகிறவர்களும் சேர்ந்து இங்கேதான் வருகிறார்கள். இவ்வளவு பெரிய கூட்டத்தை நான் கண்டதே இல்லை. இடம் இருக்கிறதல்லவா?"

வெள்ளையம்மா மரத்தில் தொங்கிய அரை வீடுகளை அண்ணாந்து பார்த்தாள். அக்கரையில் பூனை நகத்தைத் தீட்டும் சத்தம் கேட்டது.

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!" என்று புறப்பட்டாள். கானாங்கோழிக்கு நடக்கத் தெரியும், ஓடத் தெரியும். மரம் ஏறுவது என்றால் கொஞ்சம் தடுமாற்றம்தான். இடறினாள், முள்ளில் மாட்டினாள், சிறகை அடித்து ஒருவழியாய்க் கிளை நுனிக்குப் போனாள். திட்டுவதற்கு மூச்சு வேண்டுமே! பொன்னையாவின் அரை வீட்டுக்குள் புகுந்து, குறுக்கு விட்டத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

சீட்டிச் சத்தம் அத்தனையும் நின்றது. மரம் முழுக்க இருந்த தூக்கணாங்குருவிகள் அவளையே பார்த்தன.

"எப்படிக்கா இருக்கு?" என்று மெல்லக் கேட்டான் பொன்னையா.

"எப்படி இருக்கா? காத்து நேரா மூஞ்சியில அடிக்குதுடா! இதுல மனுசி உட்கார முடியுமா?"

சொல்லி வாய் மூடவில்லை. பொன்னையா பறந்தான், புல்லோடு வந்தான், காற்று வந்த பக்கத்தைப் பின்னி அடைத்தான்.

"இப்ப?"

வெள்ளையம்மா அந்தப் புதுப் பின்னலை அலகால் தட்டிப் பார்த்தாள்.

"ஏண்டா, இதுக்காகவா இத்தனை நாளாச் சிறகை அடிச்சுக்கிட்டுக் கிடந்தே?"

"பின்ன? எங்க வழக்கம் அதுதானக்கா! பாதி கட்டி நிறுத்துவோம். குடிவரப் போற பொண்ணு வந்து உட்கார்ந்து பார்ப்பா. அவளுக்குப் பிடிச்சாத்தான் மீதியைக் கட்டுவோம். இல்லைன்னா வேற கிளை, வேற வீடு. நீங்க ஒரு தடவைகூட மேலே வந்து உட்காரலையே!"

"வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்கறதா? பாதியில நிறுத்தினாலே அதுதானக்கா கேள்வி!"

வெள்ளையம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. களிமண்ணும் விளக்கும் வேண்டுமென்று அடுக்கிக்கொண்டே போனவள், யாருக்கு என்ன வேண்டுமென்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

"சரிக்கா, நீங்க உட்கார்ந்தாச்சு. பிடிச்சுதுன்னு சொல்லுங்க, எல்லாத்தையும் முடிச்சுடறோம்" என்றான் பொன்னையா.

"நான் எதுக்குச் சொல்லணும்? நானா குடிவரப் போறேன்? வர்றவங்களே வந்து உட்கார்ந்து சொல்லட்டும்!"

பொன்னையாவுக்கு முகம் சுருங்கியது. "வெளியூர்க்காரங்களா? எங்க வேலைப்பாட்டைப் பத்தி அவங்களுக்கு என்னக்கா தெரியும்?"

"உன் வேலைப்பாடு தெரியாது. அவங்க உடம்பு அவங்களுக்குத் தெரியும்ல!"

பொன்னையா மூத்த வாலாட்டியை மேலே கூப்பிட்டான்.

முதலில் மூத்த வாலாட்டி அதே விட்டத்தில் உட்கார்ந்து பார்த்தது. வால், இப்போதுதான் பின்னிய பின்சுவரில் இடித்தது.

"மன்னிக்க வேண்டும். வாலை ஆட்டாமல் எனக்கு உறக்கம் வராது."

"தூங்கும்போதுமா?" என்றான் பொன்னையா.

"கனவிலும்கூட!"

பின்சுவரைப் பிரித்து வழி விட்டார்கள். வாலாட்டி வாலை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, "ஆகா!" என்றது.

இரண்டு நாளில் வடக்கு வானம் கறுத்தது. மேகம் என்று நினைத்தார்கள். மேகம் இரைச்சல் போடுமா? பறவைகள்! பட்டைத்தலை வாத்துகள் தென்கரையில் இறங்கின. எருமைகள் புரண்ட தரையில் கால் நீட்டி உட்கார்ந்தன. சின்னவர்கள் கருவேல மரங்களைச் சூழ்ந்தார்கள்.

"ஒவ்வொருத்தரா உட்கார்ந்து பாருங்க! வேணும்கிறதை வாய் விட்டுச் சொல்லுங்க!" என்று வெள்ளையம்மா கிளைக்குக் கிளை தாவினாள். இப்போது தடுமாற்றம்கூட இல்லை.

தகைவிலான் குருவிகள் அம்பு மாதிரி உள்ளே பாய்ந்தன. விட்டத்தில் வரிசையாக உட்கார்ந்தன. மறுபக்கம் அம்பு மாதிரி வெளியே வந்தன.

"இதற்கு மேல் ஒரு புல்கூட வைக்காதீர்கள்!" என்று கூவின. "உட்கார விட்டம், தலைக்கு மேல் கூரை, பாய்வதற்கு வழி! வேறென்ன வேண்டும்!"

"களிமண் வேண்டாமா? மின்மினி?"

"விளக்கு எரிந்தால் யார் தூங்குவது? பாவம், அதைப் பறக்க விடுங்கள்!"

சோளக்குருவிகளுக்கோ திறந்த வீடு என்றாலே நடுக்கம். "எங்கள் ஊரில் பாறை இடுக்கில்தான் படுப்போம். சுற்றிலும் அடையுங்கள். வாசலைக் கீழே நீளமாக இறக்குங்கள். எந்த நகமும் எட்டக் கூடாது!"

பொன்னையாவின் கூட்டத்துக்கு அதுதானே கைவந்த வேலை! அலகுகள் பறந்தன. அவரவர் வீட்டுக்கு அவரவரே புல் எடுத்துக் கொடுத்தார்கள். எத்தனையோ வீடுகளில் வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. பொழுது சாயும் முன் கடைசிக் குருவியும் கூரைக்குள் போயிற்று.

அக்கரைக்கு ஒரு குஞ்சுகூடப் போகவில்லை. பசித்த பூனை தானே இக்கரைக்கு வந்தது.

"என்ன மதினி, புது வீடாமே! பால் காய்ச்சிட்டீங்களா?" என்று கேட்டபடி கரையிலிருந்து தாவிக் கருவேல மரத்தில் ஏறியது.

"தகவல் சொல்லாம வந்துட்டீங்களே கொழுந்தனாரே!" என்றாள் வெள்ளையம்மா.

முதல் கிளையில் தகைவிலான்கள் இருந்தன. பூனை பதுங்கியது, தாவியது. தாவியபோது அங்கே யாரும் இல்லை. எல்லாம் மறுபக்கம் வழியாக வானத்தில் இருந்தன! அடுத்த கிளையில் சோளக்குருவிகளின் நீண்ட வாசல் தொங்கியது. பூனை கிளை நுனி வரை ஊர்ந்து, தலைகீழாகத் தொங்கி, வாசலுக்குள் காலை விட்டது. கால் பாதி தூரம்கூட எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டியது. இன்னும் கொஞ்சம்.

"எல்லாரும் கொத்துங்க!" என்று கத்தினான் பொன்னையா. உள்ளே இருந்த சோளக்குருவிகள் வாசல் குழாயில் இறங்கி, ஒன்றாகச் சேர்ந்து பூனையின் விரலைக் கொத்தின.

"மியாவ்!"

கிளை வளைந்தது. பூனை தண்ணீரில் விழுந்தது. தென்கரை வாத்துகள் கழுத்தை நீட்டிக்கொண்டு அதன் மேல் பாய்ந்தன. ஒரு வாத்து வாலைக் கடித்தது, இன்னொன்று காதைக் கடித்தது. சேறு பூசிய உடம்போடு பூனை கரையேறியதும் ஓட்டமெடுத்தது. அக்கரைக்கும் போகவில்லை. வயல் தாண்டி, ரோடு தாண்டி, கண்ணுக்கு எட்டாத தூரம் ஓடியது.

"பார்த்துப் போங்க கொழுந்தனாரே! ஈரத் தலையோட அலையாதீங்க, சளி பிடிக்கும்!" என்று பின்னாலேயே கூவினாள் வெள்ளையம்மா.

கண்மாயே சிரித்தது. வாத்துகள் சிறகடித்தன. தகைவிலான்கள் வானத்தில் வட்டம் போட்டு வந்து மறுபடி விட்டத்தில் வரிசையாக உட்கார்ந்தன. பூனை போனதால் அக்கரையும் இப்போது பறவைகளுடையதாயிற்று. "அங்கேயும் கிளை இருக்குக்கா. நாளைக்கே தொடங்கிடலாமா?" என்றான் பொன்னையா.

"தொடங்கு! ஆனா பாதியில நிறுத்திடு!" என்றாள் வெள்ளையம்மா.

தங்கப் போகிறவரைக் கேட்டுக் கட்டுகிற வீட்டில்தான் ஆள் நிறையும். கேட்காமல் கட்டினால் எவ்வளவு அழகான வீடும் வெறும் கூரையாகத்தான் தொங்கும்.