கூர்முடிக்குக் கீழே ஓர் இரவு

உமையாள் பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மலைகளைக் கரும்பலகையில் வரைந்து வரைந்தே அவளுடைய பணிக்காலம் கழிந்தது. ஆனால் எந்த மலையிலும் அவள் ஏறியதில்லை. பிள்ளைகள், பரீட்சைத் தாள்கள், படுத்த படுக்கையாகிவிட்ட மாமியார் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தது. எல்லாம் ஓய்ந்த பிறகு ஆனைவாய்க்காலில் ஒரு சிறிய வீடு பார்த்துக் குடிவந்தாள்.

அந்த ஊரின் மலையடிவாரத்தில் சாந்தலிங்க சுவாமியின் ஆசிரமம் இருந்தது. சுவாமிக்கு அவளுடைய மூத்த மகன் வயதுதான். அவரைக் குருவாக ஏற்றுக்கொள்ள அது அவளுக்குத் தடையாகப் படவில்லை. “அவருக்குக் கேள்வி கேட்கத் தெரியும்” என்பாள்.

ஆசிரமத்துக்குப் பின்னால் கூர்முடி நின்றது. தினமும் அதைப் பார்த்தபடிதான் அவள் தியானத்துக்கு உட்கார்ந்தாள். கண்ணை மூடினாலும் அது தெரிந்தது.

ஒரு நாள் காலை பெரிய தாள் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு சுவாமியிடம் வந்தாள். அவர் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“சுவாமி, அடுத்த மாசம் மலைக்குப் போறேன். ஒரு ராத்திரி மேலே தங்கல். வனத்துறை அனுமதியும் கிடைச்சிடுச்சு. திட்டம் சரியா இருக்கான்னு நீங்க பார்க்கணும்.”

சுவாமி தொட்டியிலிருந்து ஏறி வந்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு குந்தினார். உமையாள் தாளைத் தரையில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தாள்.

அவள் கையால் வரைந்த படம் அது. சமவுயரக் கோடுகள் நெளிந்து நெளிந்து ஏறின. ஓடை நீலம். சோலை கரும்பச்சை. புல்வெளி இளம்பச்சை. நண்பகலில் கூர்முடியின் உச்சி, சாயங்காலம் புல்வெளிக்கு இறங்கிக் கூடாரம், மறுநாள் வீடு என்று ஓரத்தில் எழுதியிருந்தாள்.

சுவாமி நிதானமாகப் பார்த்தார்.

“ரொம்ப அழகா இருக்கு. ஏறப்போறது யாரு?”

“நானும் ஜெசிந்தாவும்.”

ஜெசிந்தா அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று மாடியையும் மூச்சு வாங்காமல் ஏறி இறங்குகிறவள்.

“ஜெசிந்தா இருக்கட்டும். உங்களை இதுல எங்கயும் காணலையே அம்மா.”

உமையாள் சிரித்தாள். “மேப்புல ஆளை வரையமாட்டாங்க சுவாமி.”

“அப்படியா? பை தயாரா?”

“கட்டி வெச்சாச்சு.”

“போய் மாட்டிக்கிட்டு வாங்க. கொஞ்சம் நடப்போம்.”

அவள் முதுகுப்பையோடு திரும்பி வந்தாள். ஆசிரமத்தின் பின்வாசலிலிருந்து மலைப்பாதை தொடங்கியது. “நீங்க முன்னாடி போங்க” என்றார் சுவாமி. பையைத் தான் வாங்கிக்கொள்வதாக அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

முதல் திருப்பம் வரை அவள் பேசிக்கொண்டே நடந்தாள். இரண்டாவது ஏற்றத்தில் பேச்சு நின்றது. பை தோளை அறுத்தது. இடது முட்டி பிடித்து இழுத்தது. பின்னால் வருகிறவர் தன் மகன் வயதுக்காரர் என்ற நினைப்பு அவளை நிற்கவிடவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினாள். கடைசியில் ஒரு நாவல் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

சுவாமி ஒரு கல்லில் உட்கார்ந்தார். எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு மூச்சு அடங்க வெகுநேரம் பிடித்தது.

“இந்த இடம் படத்துல எங்க இருக்கு?” என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். “இங்க எதுவும் இல்லை சுவாமி. ஓடைகூட இன்னும் மேலேதான்.”

“எதுவும் இல்லாத இடத்துலயா இவ்வளவு நேரம் நின்னோம்?”

வீட்டுக்குப் போனதும் உமையாள் படத்தை எடுத்து, அந்த ஏற்றத்தில் சிறிய மரம் ஒன்றை வரைந்தாள். அருகில், ‘இங்கே உட்கார வேண்டும்’ என்று எழுதினாள்.

அதன் பிறகு தினமும் பையோடு நடந்தாள். முதலில் பையிலிருந்து குக்கர் வெளியே வந்தது. பிறகு இரண்டாவது போர்வை. பிறகு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வைத்திருந்த பொருட்கள் ஒவ்வொன்றாக. தண்ணீரை மட்டும் அவள் குறைக்கவில்லை. புதிய ஷூ காலைக் கடித்த இடத்தில் தோல் உரிந்து, ஆறி, பழகியது. முட்டிக்கு ஒரு கைத்தடி சேர்ந்தது. நாவல் மரத்தைத் தாண்டி ஓடை வரைக்கும், பிறகு சோலையின் விளிம்பு வரைக்கும் அவளால் போய்வர முடிந்தது.

திட்டமும் மாறியது. புதுப் படத்தைப் பார்த்துவிட்டு ஜெசிந்தா கேட்டாள்: “என்ன டீச்சர், மத்தியானமே உச்சிக்குப் போயிடலாம்னு சொன்னீங்களே?”

“அது வேற ஒரு பொம்பளை போட்ட திட்டம். அவளுக்கு முட்டி வலிக்காது.”

ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இன்னொண்ணும் கேட்டுக்கோ. முதல்ல புல்வெளி. அங்க கூடாரத்தைப் போட்டுட்டு, வெறுங்கையா உச்சிக்கு ஏறுவோம். மேற்குக் கணவாயில மேகம் தலை தூக்கினா, எந்த இடத்துல நின்னாலும் சரி, அங்கேயே திரும்பிடணும்.”

“சரி டீச்சர்.”

“சிரிக்காம சொல்லு.”

“சரி டீச்சர்” என்றாள் ஜெசிந்தா சிரிக்காமல்.

புறப்பட்ட காலை பளிச்சென்று விடிந்தது. நாவல் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஓடையில் முகம் கழுவினார்கள். சோலைக்குள் நுழைந்ததும் வெயில் காணாமல்போனது. ஈர மண் வாசனை. ஜெசிந்தா முன்னால் துள்ளிக்கொண்டு போவாள், பிறகு நின்று காத்திருப்பாள். உமையாள் தன் நடையிலேயே வந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, வந்த வழி திரும்பிப் பார்க்கும்போது எப்படி இருக்கிறது என்று மனதில் ஏற்றிக்கொண்டாள்.

சோலை முடிந்தது. புல்வெளி திறந்துகொண்டது. பாறைச் சரிவில் வரையாடுகள் மேய்ந்தன. உமையாள் பையை இறக்கிவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்று சுற்றிலும் பார்த்தாள். தான் வரைந்த கோடுகள் எல்லாம் எழுந்து நிற்பதுபோல் இருந்தது.

கூடாரத்தை அடித்துவிட்டு ஏறினார்கள். பை இல்லாத முதுகு காற்றாக இருந்தது. முட்டி வலிக்கவில்லை. மூச்சு சீராக இருந்தது. கூர்முடி நெருங்கி வந்தது. உச்சிப் பாறையின் வெடிப்பில் முளைத்திருந்த புல் ஆடுவதுகூடத் தெரிந்தது.

அப்போது உமையாள் மேற்கே பார்த்தாள். கணவாயில் வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது.

அவள் நின்றாள்.

ஜெசிந்தாவும் பார்த்தாள். பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இதோ இருக்கு டீச்சர். ஓடிப்போய்த் தொட்டுட்டு வந்துடலாம்.”

உமையாள் உச்சியைப் பார்த்தாள். எத்தனை வருஷ ஆசை! கால் நடுங்கியிருந்தால், மூச்சு முட்டியிருந்தால் திரும்புவது சுலபம். உடம்பு இன்று அவள் சொன்னபடி கேட்டது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“திரும்பலாம் ஜெசிந்தா.”

“இவ்வளவு தூரம் வந்துட்டுத் திரும்புறதா?”

“ஆமா. இவ்வளவு தூரம் வந்துட்டுத்தான்.”

பாதி இறக்கத்தில் மேகம் வந்து மூடியது. முன்னால் போன ஜெசிந்தாவின் முதுகுகூடத் தெரியவில்லை. அவள் பின்னால் வந்து உமையாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். உமையாள் அவசரப்படவில்லை. ஏறும்போது திரும்பிப் பார்த்துவைத்த பிளந்த பாறை மங்கலாக வந்தது. அதற்கு இடப்பக்கம் இறங்கினாள். பிறகு வளைந்த ஒற்றை மரம். பிறகு கூடாரத்தின் மஞ்சள் நிறம்.

மழை பிடித்துக்கொண்டது. கூடாரத்துக்குள் இருவரும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தாவின் பற்கள் குளிரில் தட்டிக்கொண்டன. உமையாள் உலர்ந்த துண்டால் அவள் தலையைத் துவட்டிவிட்டாள்.

சாயங்காலம் மழை விட்டது. மேகம் திரைபோல விலகியது. கூர்முடி மஞ்சள் வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. ஏறிப்போவதற்குள் இருட்டிவிடும், இனி போக முடியாது.

“போயிருக்கலாம்” என்றாள் ஜெசிந்தா.

“போயிருக்கலாம்தான்” என்றாள் உமையாள்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள், வருத்தம் வருகிறதா என்று. வரவில்லை. கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, சுக்குக் காப்பி போட்டாள். வெயில் மறையும்வரை இருவரும் உச்சியைப் பார்த்துக்கொண்டே குடித்தார்கள். அன்றைக்கு உமையாள் தூங்கியதுபோல் பல வருஷமாகத் தூங்கியதில்லை.

மறுநாள் ஜெசிந்தாவுக்கு டியூட்டி இருந்தது. விடிந்ததும் கூடாரத்தை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

ஆசிரமத்தில் மதியச் சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. உமையாள் பையோடு உள்ளே வந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜவுளிக்கடை சண்முகவடிவேல் ஆவலாகக் கேட்டார்: “உச்சியில எப்படி இருந்துச்சு டீச்சர்?”

“உச்சிக்குப் போகலை. மேகம் வந்துச்சு, திரும்பிட்டோம்.”

“அடடா. பாதியிலேயே திரும்பிட்டீங்களா!”

அவர் அன்பாகத்தான் சொன்னார். உண்மையாகவே அவளுக்காக வருத்தப்பட்டார். ஆனால் மழையும் மேகமும் செய்யாததை அந்த வார்த்தை செய்தது. உமையாள் வாசலில் அப்படியே நின்றாள். முதுகில் பை திடீரென்று கனத்தது.

சுவாமி சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தார். அவள் அவரிடம் போனாள்.

“சுவாமி, நான் பாதியில திரும்பிட்டேனா?”

சுவாமி வாளியைக் கீழே வைத்தார். சன்னல் வழியாகக் கூர்முடியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். சேறு அப்பிய ஷூ, காற்றில் கறுத்த முகம், கலைந்த நரைமுடி.

“மலை முழுசாத்தான் நிக்குது. நீங்களும் முழுசாத்தான் வந்திருக்கீங்க” என்றார். “இதுல பாதி எதும்மா?”