மூன்று சகலைகளும் ஒரு பாட்டரியும்

கொம்பனூர் வெள்ளைச்சாமிக்கு மூன்று பெண்கள். மூன்று மாப்பிள்ளைகளும் வீட்டோடு வந்து சேர்ந்தவர்கள். மூத்த சகலை அழகுமலை யோசிப்பார். அடுத்தவர் ஒச்சப்பன் அதற்குத் தலையாட்டுவார். சின்னவர் தவசி இருவருக்கும் விசிறி வீசுவார், தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே.

இப்படி ஓடினால் கரண்டு பில் என்ன ஆகும்? வெள்ளைச்சாமி மாடியில் சோலார் தகடும் கீழே பாட்டரியும் வைத்தார். பெண்களைக் கூட்டிக்கொண்டு காசிக்குக் கிளம்பும்போது கறாராகச் சொன்னார்.

"நான் வர்றதுக்குள்ள பில்லு குறையணும் மாப்ள. இல்லைன்னா மூணு பேரும் அவங்கவங்க ஊருக்குப் பஸ் ஏறிருங்க."

சொந்த ஊருக்குப் போனால் வேலை செய்ய வேண்டியிருக்கும். மூவரும் உடனே பாட்டரி மாட்டிய சுருளியைக் கூப்பிட்டு விதிமுறை கேட்டார்கள்.

சுருளி பொறுமைசாலி. "சாயந்தரம் ஆறுல இருந்து பத்து வரைக்கும் ரேட்டு ஜாஸ்திண்ணே. அந்த நேரத்துல வெளிய இருந்து எதையும் உள்ள எடுக்காதீங்க. பகல்ல உள்ள சேர்த்து வச்சதை வச்சு ஓட்டுங்க. பாட்டரி நெறஞ்சா மிச்சம் வெளிய போயிரும். போனதையும் வந்ததையும் கழிச்சுத்தான் கணக்கு."

அன்று ஆறு மணிக்கு வாசல் கதவை அடைத்தார்கள். பால்காரர் வந்தார், திருப்பி அனுப்பினார்கள். சலூனுக்குப் போன தவசி நேரம் தப்பி வந்து கதவைத் தட்டினார். உள்ளே இருந்தவர்கள் விதியைச் சொன்னார்கள். அவரும் பத்து மணிவரை மாட்டுத் தொட்டிமேல் உட்கார்ந்து சகலைகளின் கண்டிப்பை மெச்சிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை ஒச்சப்பனுக்கு ஒரு சந்தேகம்.

"சகல, மூச்சு விடலாமா?"

அழகுமலை கண்ணை மூடி யோசித்தார். "விடறது வெளிய போறது. அது தாராளமாப் போகலாம். இழுக்கறதுதான் தப்பு."

மூவரும் இழுக்காமல் இருந்து பார்த்தார்கள். முழி பிதுங்கியது.

"வீட்டுக்குள்ள இருக்கற காத்து பகல்லயே வந்ததுதான சகல?" என்றார் தவசி, தரையில் கிடந்தபடி.

"அப்ப அது சேர்த்து வச்ச காத்து. இழுக்கலாம்."

அதிலிருந்து பகலெல்லாம் ஜன்னலைத் திறந்து, துண்டை வீசிக் காற்றை உள்ளே விரட்டினார்கள். ஆறு மணிக்குச் சாத்திவிட்டு, அளவாகச் செலவழித்தார்கள்.

அதிசயம் பாருங்கள், பில் குறைந்தது. பாட்டரிக்கு இவர்கள் தயவு தேவையில்லை, அது பாட்டுக்கு வேலை செய்தது. மீட்டர் பார்க்க வந்தவர், "போனதும் வந்ததும் சரியாப் போச்சு. ஒண்ணுமில்ல," என்றார். மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இனி இந்த வீட்டைவிட்டு அவர்களை யார் கிளப்ப முடியும்?

ஒரு நாள் ஏழு மணிக்கு நல்ல மழை. வெள்ளைச்சாமியும் மூன்று பெண்களும் மூட்டை முடிச்சோடு வந்து கதவைத் தட்டினார்கள்.

"மாப்ள, கதவைத் தெறங்க. நனையிறோம்."

"பில்லு குறைஞ்சிருச்சு மாமா," என்றார் அழகுமலை உள்ளிருந்து, பணிவாக.

"சந்தோசம். தெறங்க."

"தெறந்தா ஏறிருமே மாமா. நீங்க வெளிய இருந்துல்ல வர்றீங்க?"

வெள்ளைச்சாமி கதவை உதைத்தார். "யோவ், இது என் வீடு. நாங்க இதுக்குள்ள இருந்து போனவங்கதான்யா."

இது புது விவரம். மூவரும் கூடி ஆலோசித்தார்கள்.

"உள்ள இருந்து போனவங்கன்னா கழிச்சுப் பார்க்கணும் சகல," என்றார் ஒச்சப்பன்.

தவசி விரல்விட்டு எண்ணினார். "போனது நாலு பேரு. வந்தது நாலு பேரு."

"கழிச்சா?"

"ஒண்ணுமில்ல."

அழகுமலைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தாழ்ப்பாளை நன்றாக இறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நல்லவேளை சகல. மாமாதான் வந்துட்டாரோன்னு நெனச்சு நான் பயந்தே போயிட்டேன்."