மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவே

தாமிரபரணிக் கரையில் ஓர் ஆசிரமம். நாலு சபைக்காரர்களும் வந்து தங்கி ஜெபிக்கிற இடம். அதை நடத்தும் மதுரம் அம்மாவுக்கு வயது நாற்பத்தெட்டு. அவரிடம் ஜெபம் கற்க வந்த சீடர் தேவசித்தத்துக்கு அறுபத்துநாலு. போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், முப்பது வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தியவர்.

வேதாகமத்தில் எத்தனை புத்தகங்கள் என்று பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுக்கிற விதம் எளிமையானது. பழைய ஏற்பாடு முப்பத்தொன்பது. அந்த மூன்றையும் ஒன்பதையும் பெருக்கினால் இருபத்தேழு, அது புதிய ஏற்பாடு. இரண்டையும் கூட்டினால் அறுபத்தாறு. கணக்கு இவ்வளவு அழகாக வருகிறபோது அதில் யாராவது கை வைத்தால் அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்.

ஆசிரமத்தின் பொது வேதாகமத்திலோ கூடுதலாகச் சில புத்தகங்கள் இருந்தன. கத்தோலிக்கர் வேதம் என்று ஏற்பவை, இவருடைய சபை ஏற்காதவை. இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே அச்சிட்டிருந்தார்கள். காலை வாசிப்பில் தன் முறை வரும்போது தவறிப்போய்க்கூட அந்தப் பக்கம் திறந்துவிடக் கூடாதென்று, தேவசித்தம் அந்தத் தாள்களை மொத்தமாகச் சேர்த்து ஒரு கிளிப் மாட்டினார். துணி காயப்போடுகிற பச்சைக் கிளிப். மற்றவர்கள் வாசிக்கும்போது மரியாதையாகக் கழற்றிக் கொடுப்பார், முடிந்ததும் மறக்காமல் மாட்டிவிடுவார். மதுரம் அம்மா அதைப் பார்த்துச் சிரித்தாரே தவிர ஒன்றும் சொன்னதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜிப் வைத்த கறுப்பு உறையில் தன் வேதாகமத்தை இடுக்கிக்கொண்டு தேவசித்தம் வந்தார். முகம் வாடியிருந்தது. மதுரம் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, வேதத்துல மொத்தம் எத்தன புஸ்தகம்?"

"எண்ணிப் பாத்துட்டுத்தான வந்திருப்பீங்க, அண்ணாச்சி."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். சனிக்கிழமை மகள் ஜெமிமாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அமல்ராயன் கத்தோலிக்கப் பையன். அந்த மலையை அவர் ஒருவழியாக ஏறி இறங்கிவிட்டார், பையன் நல்லவன். மாப்பிள்ளை வீட்டுக் கோயிலில் கல்யாணப் பூசையின் முதல் வேத வாசகத்தை அப்பாதான் வாசிக்க வேண்டும் என்று ஜெமிமா கேட்டிருக்கிறாள். அது, அந்தக் கூடுதல் புத்தகங்களில் ஒன்றான தோபித்தில் புதுமணத் தம்பதி சேர்ந்து செய்கிற ஒரு ஜெபம். தன் வேதத்தில் இல்லாததைத் தன் வாயால் வாசிக்க முடியாது என்று இவர் சொல்லிவிட்டார். அப்படியானால் வேறு யாரும் வாசிக்க வேண்டாம், அந்த இடம் சும்மா இருக்கட்டும் என்று அவள் ஃபோனை வைத்துவிட்டாள். நாலு நாளாகப் பேச்சில்லை. ஒன்பது வயதில் தாயை இழந்த பெண், அப்பாவிடம் பேசாமல் ஒருநாள் இருந்ததில்லை.

"நான் சொன்னது தப்பா, அம்மா?"

"தப்புன்னு யாரு சொன்னா? உங்க சபைக்கு அறுபத்தாறு. அவங்களுக்கு எழுபத்துமூணு. எத்தியோப்பியாவுல அதுக்கும் மேல."

"எல்லாமே எப்படிச் சரியா இருக்கும்? வேதத்தோட ஒண்ணையும் கூட்டக் கூடாது. எனக்கு அதுதான் பயம்."

அந்தப் பயம் உண்மையானது என்று மதுரம் அம்மாவுக்குத் தெரியும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஆசிரமத்தின் வேதாகமத்தை எடுத்துவந்தார். பச்சைக் கிளிப்பைக் கழற்றினார். பிறகு தேவசித்தத்தின் வேதாகமத்தைக் கேட்டு வாங்கி, ஜிப்பைத் திறந்து, பழைய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகம் மல்கியா முடிந்து புதிய ஏற்பாட்டின் மத்தேயு தொடங்கும் இடத்தைப் புரட்டினார். அங்கே கோடு போட்ட நான்கு தாள்கள் இருந்தன. பழைய பைண்டிங் பிய்ந்துபோனபோது தேவசித்தத்தின் அப்பா சேர்த்துத் தைக்கச் சொன்னவை. குடும்பத்தின் பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் அதில்தான்.

மதுரம் அம்மா கிளிப்பை நீட்டினார்.

"இங்கயும் போட்டுருங்க, அண்ணாச்சி."

"இது எங்க குடும்பப் பக்கம்மா."

"அறுபத்தாறுல இது எத்தனாவது?"

தேவசித்தம் கிளிப்பை வாங்கி வைத்துக்கொண்டார். அப்பாவின் குண்டு எழுத்து. அதன் கீழே தன் எழுத்து. மனைவி சுகிர்தம் இறந்த தேதியை எழுதியபோது மட்டும் வரி கோணலாகப் போயிருந்தது. ஜெமிமா பிறந்த தேதிக்குப் பக்கத்தில், அவளுடைய கல்யாணத்துக்கென்று ஒரு வரி இடம் விட்டு வைத்திருந்தார்.

"எழுதி வைக்கிறதோட சரியா, வாசிக்கிறதும் உண்டா?"

"புது வருஷத்தன்னைக்குக் குடும்ப ஜெபத்துல நின்னுகிட்டு வாசிப்போம். முதல் பேருலேருந்து கடைசிப் பேரு வரைக்கும். அப்பா பழக்குனது."

"சுகிர்தம் அக்கா பேரு வரும்போது?"

அவர் அந்தக் கோணல் வரியை விரலால் தொட்டார்.

"எனக்குக் குரல் வராதும்மா. அந்த ஒரு வரிய எனக்காக ஜெமிமாதான் வாசிப்பா. சின்னப் புள்ளையிலேருந்து அவதான்."

சொல்லி முடித்ததும் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல அவர் தலையைக் குனிந்துகொண்டார். மதுரம் அம்மாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கீரையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சபையில கேப்பாங்களே, அம்மா. அது வேதமான்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"உங்க மனசறிஞ்சதச் சொல்லுங்க. அறுபத்தாறுன்னே சொல்லுங்க. பெரிய பெரிய சபைச் சங்கமெல்லாம் கூடித் தீராத விஷயத்த நீங்க சனிக்கிழமைக்குள்ள தீர்க்க வேண்டாம். வாசிச்சு முடிச்சு, கீழ இறங்கி வந்து சொல்லுங்க."

தேவசித்தம் பச்சைக் கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆசிரமத்தின் வேதாகமத்தை எடுத்தார். முப்பது வருஷம் வேண்டாம் என்று சொன்ன புத்தகத்தை ஒருமுறைகூட வாசித்ததில்லை என்று தானாகவே ஒப்புக்கொண்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தோபித்தை முதலிலிருந்து தொடங்கினார். சின்னப் புத்தகம்தான். ஓரிடத்தில் நாய் ஒன்று வருகிறது என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம் தாள் புரளும் சத்தம்தான்.

"அம்மா, இதுல பொண்ணோட அப்பா குழி வெட்டுறாரு."

"என்ன குழி?"

"அந்தப் பொண்ணுக்கு முன்னால கட்டுன மாப்பிள்ள ஏழு பேரும் செத்துப்போனாங்க. இவனும் போயிருவான்னு பயந்து, கல்யாண ராத்திரியே மருமகனுக்குக் குழி வெட்டி வைக்கிறாரு."

"பெத்தவரு, பயம் இருக்கத்தான செய்யும். பெறவு?"

"மாப்பிள்ள உசுரோடதான் இருக்கான். விடியறதுக்குள்ள குழிய மூடச் சொல்லிட்டாரு."

மதுரம் அம்மா கீரைக் காம்புகளை வாரி முறத்தில் போட்டார்.

"உங்க ஃபோன்ல சார்ஜ் இருக்கா, அண்ணாச்சி?"