பத்து மணி மாத்திரை

"டாக்டர் எழுதினதை, எழுதின நேரத்துக்குக் கொடுத்தேன். இதுல என் தப்பு என்ன இருக்கு, சொல்லுங்க மேடம்."

கேட்டவள் கிரேஸ்மணி. இருதய வார்டில் பதினாறு வருஷமாக நர்ஸ். பதில் சொல்ல வேண்டியவள் வார்டு இன்சார்ஜ் பரிமளவல்லி. வயதில் ஐந்து வருஷம் இளையவள். அதனாலேயே அந்த 'மேடம்' கொஞ்சம் கசந்துதான் வெளியே வந்தது.

பகல் ஒரு மணி. ஏழாம் கட்டில் கோமதிநாயகம் செத்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. உடம்பு இன்னும் கட்டிலில்தான் கிடந்தது.

கிரேஸ்மணிக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. நர்ஸ் பேரில் குறை இல்லை என்று இன்சார்ஜ் எழுதிக் கொடுத்தால் வேலை போகாமல் தப்பும்.

காலையில் கோமதிநாயகம் என்ன சொன்னார் என்று மட்டும் பரிமளவல்லி கேட்டாள்.

குமட்டுது என்றாராம். இட்லி மஞ்சளாத் தெரியுது என்றாராம். ஆஸ்பத்திரி இட்லி வெள்ளையாத் தெரிஞ்சாத்தான் அதிசயம் என்று இவள் சிரித்துவிட்டு மாத்திரையைக் கொடுத்தாளாம்.

அடிப்பாவி. இருதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை அது. உடம்பில் அளவு மீறினால் குமட்டும், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகும். கொடுக்குமுன் ஒரு நிமிஷம் முழுக்கத் துடிப்பை எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே இருந்தால் நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். புதிதாக வருகிற நர்ஸுகளுக்கு வருஷா வருஷம் இதைச் சொல்லிக்கொடுப்பதே இந்தக் கிரேஸ்மணிதான்.

"எண்ணினீங்களா?"

"எண்ணினேன். எழுபத்திரண்டு. சார்ட்டைப் பாருங்க."

அதோடு விடவில்லை. நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர், ஒவ்வொருத்தருக்கும் நிமிஷம் பார்த்து எண்ணினால் பத்து மணி மாத்திரை மத்தியானம்தான் போகும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அது எங்கே தெரியும் என்று பொரிந்து தள்ளினாள். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. பரிமளவல்லியும் மறுக்கவில்லை.

சார்ட்டை வாங்கிப் பார்த்தாள். எட்டு மணி, எழுபத்திரண்டு. பத்து மணி, எழுபத்திரண்டு. பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் கலங்கிவிட்டது. ஒரு காலத்தில் அவளும் இப்படி எழுதினவள்தான்.

பிறகு ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் கிரேஸ்மணி கையில் வைத்தாள்.

"போய் எண்ணிட்டு வாங்க. கையெழுத்துப் போடுறேன்."

"யாருக்கு?"

"ஏழாம் கட்டிலுக்கு."

கிரேஸ்மணிக்கு முகம் சிவந்துவிட்டது. செத்த மனுஷனை வைத்து என்ன விளையாட்டு என்று கேட்டாள்.

பரிமளவல்லி சார்ட்டைத் திருப்பி, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"ரெண்டு மணிக்கும் அவருக்கு எழுபத்திரண்டுன்னு எழுதி வச்சிருக்கீங்களே, அக்கா."