எலுமிச்சம்பழத்துக்கு ஓர் இலை

மிராசுதார் வைத்திலிங்கத்தின் மருமகள் பூரணிக்கு இது மூன்றாம் மாதம். எடை கிடுகிடுவென ஏறுகிறது, அளவாகச் சாப்பிடட்டும் என்று நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மனுஷன் கேட்டால்தானே!

"ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும். ஆளுக்கொரு இலை போடு. மிச்சம் இருந்தா உனக்கு இங்க வேலை இல்லை" என்றார் சமையல்காரி செங்கமலத்திடம்.

நெய்ச்சோற்றைப் பார்த்தாலே பூரணிக்குக் கண்ணீர் முட்டியது.

மறுநாள் செங்கமலம் இரண்டு இலை போட்டாள். வாழையிலையில் அளவான சாப்பாடு. பக்கத்தில் ஒரு வெற்றிலை, அதில் நாலே பருக்கை.

"என்னடி கேலியா?"

"உங்க பேரப்புள்ள இப்ப எலுமிச்சம்பழ அளவுதானாம். அவர் பசிக்கு இதுவே ஜாஸ்திங்க ஐயா."

பூரணி சிரித்தபடி இரண்டையும் காலி செய்தாள்.

"மிச்சமில்லைங்க. நாளைக்கும் வேலைக்கு வரலாமா?" என்றாள் செங்கமலம்.