திரும்பிப் போவதற்கு என்ன சாட்சி?

முன்னொரு காலத்தில், விடிந்தால் திறப்பது, இருட்டினால் சாத்துவது என்ற இரண்டு வேலை மட்டுமே கோட்டைக் கதவுக்குத் தெரிந்திருந்த காலத்தில், ஆற்றங்கரையில் ஒரு தலைநகரம் இருந்தது. அந்த ஊருக்குச் சோறு போட்டவர்கள் வெளியூர்க்காரர்கள். பங்குனித் திருவிழா பார்க்கப் பல தேசத்திலிருந்தும் வருவார்கள். அரசர் நடத்திய வைத்தியசாலைக்குக் கடல் கடந்தும் நோயாளிகள் வருவார்கள். வடக்கு வீதியில் மட்டும் இருநூறு விடுதிகள் இருந்தன. பல மொழிகளில் பேரம் பேசத் தெரிந்த பூக்காரிகள் இருந்தார்கள்.

ஒரு வருடம், திருவிழா நடந்துகொண்டிருக்கும்போதே அரண்மனை நெற்களஞ்சியம் தீப்பற்றியது. பதினொரு காவலர்கள் வெந்து இறந்தார்கள். ஐந்து மாதம் தேடியும் தீ வைத்தது யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியூர்க்காரன்தான் என்று ஊரே சொன்னது.

கோட்டைக் காவல் தலைவர் மழவராயர் புதிய விதிகளை எழுதி அரசரிடம் கையொப்பம் வாங்கினார். வெளியிலிருந்து வருகிறவன் யாராக இருந்தாலும் முத்திரை ஓலை பெற வேண்டும். ஊருக்குள் இருக்கும் மூன்று பேர் அவனுக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த வேலை முடிந்ததும் திரும்பிப் போவான் என்பதற்கு அவன் ஆதாரம் காட்ட வேண்டும். வாயில் அதிகாரி சொன்னதே முடிவு. வேறு யார் சொல்லிக் கதவைத் திறந்தாலும், திறந்த காவலனின் கை வெட்டப்படும்.

இந்த விதிகள் சபையில் படிக்கப்பட்டபோது அரசவை விகடன் வெண்காடனும் சம்மதமாகத் தலையசைத்தான். இறந்த பதினொரு பேரில் ஒருவன் அவன் மைத்துனன்.

ஆறு மாதம் போயிற்று. விடுதிகளில் பாதி பூட்டிக் கிடந்தன. ரொட்டி சுடுகிறவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் அடுப்பு மூட்டினார்கள். ஓடக்காரர்கள் ஓடத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அதன் நிழலில் தூங்கினார்கள். திருவிழாவுக்குப் பந்தக்கால் நட்ட அன்று அரசர் மேல்மாடத்துக்கு வந்து வடக்கு வீதியைப் பார்த்தார். அந்த வீதியின் இரைச்சலைக் கேட்பதில் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் ஆசை.

"வெண்காடா, வீதி நடுவில் நாய் தூங்குகிறதே?"

"பாதுகாப்பாக இருக்கிறது, மகாராஜா. வாலை மிதிக்க ஆள் இல்லை."

அரசர் சிரித்தார். மழவராயர் சிரிக்கவில்லை. அரசரைச் சிரிக்க வைப்பவன் அரசருக்குப் பக்கத்தில் நிற்கிறான் என்பது அவருக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

"நாய்க்காக வருந்துகிறவரையே வாயில் அதிகாரியாக அமர்த்தலாம், அரசே" என்றார். "விதியில் ஓர் எழுத்தும் தளரக்கூடாது. திருவிழா முடியும் முன் வீதியும் நிறைய வேண்டும். இரண்டில் எது தவறினாலும் அவர் தலை தங்களுக்குச் சொந்தம். இவ்வளவு அறிவுள்ளவருக்கு இது பெரிய காரியமா?"

புதிர் என்றால் அரசருக்கு வெல்லம். உடனே சம்மதித்தார்.

மறுநாள் காலை வெண்காடன் கோட்டை வாயிலில் ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்தான். மழவராயரின் ஆட்கள் இருவர் அவன் தோளுக்குப் பின்னால் நின்று எழுதுவதையெல்லாம் பார்த்தார்கள். வெளியே ஒரு நீண்ட ஓலைக் கொட்டகை. அதில் ஆயிரம் பேருக்குக் குறையாமல் காத்துக் கிடந்தார்கள். சிலர் அடுப்புக் கல் கூட்டிவிட்டிருந்தார்கள். ஒருத்தி நட்ட அவரைக்கொடி பூத்தும் விட்டது.

முதலில் வந்தவன் சோமபாலன். கடலுக்கு அப்பால் ஒரு தீவில் பாய்மரத் துணி தைப்பவன்.

"உள்ள என்ன வேலை?" என்று கேட்டான் வெண்காடன்.

"எம் பொண்டாட்டி சுநந்தை, வைத்தியசாலையில கெடக்குறாங்கய்யா. நாந்தான் கொண்டாந்து சேத்தேன். செலவுக்குப் படகை வித்துட்டு வரலாம்னு ஊருக்குப் போனேன். காத்து மாறித் திரும்பி வர ஆறு மாசமாச்சு. வந்தா கதவு சாத்தியிருக்கு."

"ஊர்ல இப்ப உனக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க. இருந்த படகுதான் போச்சே."

"பிள்ளைங்க?"

"கொடுத்து வைக்கல."

முந்தைய அதிகாரி எழுதிய ஓலையை வெண்காடன் எடுத்துப் பார்த்தான். 'மனைவி உள்ளே இருக்கிறாள். திரும்பிப் போக மாட்டான். அனுமதி இல்லை.' பின்னால் நின்றவர்களில் ஒருவன் தொண்டையைச் செருமினான்.

"அவளத் தூக்கியாந்து வெளிய விடச் சொல்லட்டுங்களா? ஒரு தடவ முகத்தைப் பாத்துக்கிறேன்" என்றான் சோமபாலன்.

"வெளிய வந்தா அவளும் வெளியூர்க்காரி. மறுபடி உள்ள போக முடியாது. வைத்தியர் இங்க வரமாட்டார்."

சோமபாலன் படகு விற்ற பணமுடிச்சை இடுப்பில் இறுக்கிக்கொண்டான். பிறகு, "நாளைக்கு வரலாங்களா?" என்றான்.

"வரலாம்."

அவன் தினமும் வந்தான். வெண்காடன் தினமும் அதே வரியைத் தன் கையால் எழுதினான். வைத்தியசாலைக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் சுமக்கும் பூவாயி, உள்ளூர் வேலைக்காரர்களுக்கு உரிய செப்புத் தகட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வாயிலில் போய் வருவாள். குடத்தை இறக்கிவைத்து அவனுக்குச் சேதி சொல்வாள். "இன்னிக்கி அரைக்கிண்ணம் கஞ்சி குடிச்சுது." இன்னொரு நாள், "ரெண்டு வாய்தான். ஒன்னத்தான் கேட்டுது."

அரசரை வழிக்குக் கொண்டுவர ஒரு வழி வெண்காடனுக்கு முதல் நாளே தோன்றியிருந்தது. ஆனால் அது திருவிழாவின் கடைசி நாள்தான் பலிக்கும். அதற்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. அதற்கு முன் சோமபாலனை உள்ளே விட்டால் தலை போகும். இருபத்திரண்டு நாள் என்ன, ஓடிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காவலர்கள் கேட்காதபடி ஒருநாள் அவனிடம், "கடைசி நாள் நீராட்டு வரைக்கும் பொறுத்துக்க" என்று மட்டும் சொன்னான்.

"அவகிட்டச் சொல்லச் சொல்றேன்யா" என்றான் சோமபாலன்.

திருவிழாவின் கடைசி நாள் அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அரசர் முடி, மோதிரம், வாள், செருப்பு எல்லாவற்றையும் அரண்மனையிலேயே விட்டுவிட்டு, ஒற்றை வேட்டியோடு ஆற்றுக்கு நடந்துபோய் முழுகி, ஈரத் துணியோடு திரும்பி வருவார். ஆற்றின் முன் அவரும் ஓர் ஆள்தான் என்று பொருள். மந்திரிகளும் அப்படியே போவார்கள்.

அன்று இருள் பிரியுமுன் ஆற்றுக்குப் போனவர்கள் உச்சிவேளையில் திரும்பி வந்தபோது கதவு சாத்தியிருந்தது. பெரிய கதவிலிருந்த சிறு திட்டிவாசலை மட்டும் அப்போதுதான் திறந்து, எழுதும் பலகைக்குப் பின்னால் வெண்காடன் எழுத்தாணியோடு உட்கார்ந்திருந்தான்.

"தங்கள் பெயரும் ஊரும்?"

"என்ன விளையாட்டு இது?" என்றார் அரசர்.

"விதியில் விளையாட்டுக்கு இடமில்லை, ஐயா. மழவராயர் எழுதியது. முத்திரை மோதிரம் இருக்கிறதா?"

"அரண்மனையில் இருக்கிறது. வழக்கம் உனக்குத் தெரியாதா?"

"தெரியும். மோதிரமோ ஓலையோ இல்லாதவர் தம்மை யார் என்று சொல்லிக்கொண்டாலும் நம்பலாகாது என்பது ஐந்தாம் விதி. சாட்சிகள் மூவர்?"

மழவராயர் ஈரத் துணியை இறுக்கிக்கொண்டு முன்னே வந்தார். "நான் சாட்சி. இதோ மந்திரிகள் சாட்சி."

"ஊருக்குள் இருப்பவர்கள்தான் சாட்சி சொல்லலாம். தாங்கள் வெளியே நிற்கிறீர்கள். தங்களுக்கும் மூன்று பேர் வேண்டும்." வெண்காடன் மறுபடி அரசரைப் பார்த்தான். "உள்ளே தங்களுக்கு யார் இருக்கிறார்கள்?"

"அரசி இருக்கிறாள். பிள்ளைகள் இருக்கிறார்கள். என் வீடே உள்ளேதான்."

"வெளியே என்ன இருக்கிறது?"

"வெளியே எனக்கு என்ன இருக்கும்?"

"வந்த வேலை முடிந்ததும் திரும்பிப் போவீர்களா?"

"எங்கே போவது? சாகும்வரை இங்கேதான் இருப்பேன்."

வெண்காடன் எழுதி, உரக்கப் படித்தான். "மனைவி உள்ளே இருக்கிறாள். திரும்பிப் போக மாட்டார். அனுமதி இல்லை. கொட்டகையில் நிழல் இருக்கிறது. நாளைக் காலை மறுபடி வரலாம்."

அரசர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மழவராயர் காவலர்களைப் பார்த்து, "திறங்களடா" என்றார். காவலர்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் அசையவில்லை.

"விடும், மழவராயரே. விதி நம்முடையதுதானே" என்று அரசர் சிரிப்பு அடங்காமலே கொட்டகைக்குப் போனார்.

அங்கே சோமபாலன் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தான். முடியும் நகையும் இல்லாமல் அரசரை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"புதுசுங்களா? இப்படி உக்காருங்க. மத்தியானத்துக்கு மேல நெழல் இந்தப் பக்கம்தான் வரும். என்ன சொன்னாங்க?"

"மனைவி உள்ளே இருக்கிறாளாம். அதனால் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்."

"அப்பக் கஷ்டந்தான்" என்றான் சோமபாலன். "எனக்கும் அதேதான். நாப்பத்தேழு நாளாச்சு. இன்னிக்கி நீராட்டு. அந்த எழுதுற ஐயா இன்னிக்கிவரைக்கும் பொறுக்கச் சொன்னாரு." அவன் சுரைக்குடுவையிலிருந்து அரசருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். "சுநந்தைக்கு என் தையல்னா உசுரு. சேலைக் கிழிசலக்கூடப் பாய்மரம் தைக்கிற மாதிரி தைக்கிறேன்னு சிரிப்பா."

அப்போது திட்டிவாசல் வழியாகப் பூவாயி வெளியே வந்தாள். அன்று குடம் கொண்டுவரவில்லை. கொட்டகை ஓரத்தில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சோமபாலன் எழுந்தான்.

"எப்ப?"

"விடியல்ல. தூக்கத்துலயே போயிருச்சு. காத்தால கதவு தெறக்கல, அதான் வர முடியல."

கதவைச் சாத்தி வைக்கச் சொன்னவன் வெண்காடன்.

சோமபாலன் நேராக வாயிலுக்கு நடந்து பலகைக்கு முன்னால் நின்றான். குரல் உயரவில்லை.

"ஐயா, உள்ள இப்ப எனக்கு யாரும் இல்லீங்க. இப்ப விடுவீங்களா?"

வெண்காடன் ஓலையை எடுத்தான். எழுத்தாணி நகரவில்லை. பின்னால் நின்ற ஆட்களில் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குள் அரசர் எழுந்து வந்துவிட்டார். அவர் முகத்தில் சிரிப்பின் சுவடுகூட இல்லை.

"கதவைத் திற" என்றார்.

"மோதிரம் இல்லையே, ஐயா" என்றான் வெண்காடன். அதை விகடமாக அவன் சொல்லவில்லை.

"பூவாயி போய் அரசியிடமிருந்து வாங்கி வரட்டும். அதுவரை நானும் நிற்கிறேன்."

மோதிரம் வந்தது. வந்தவர்களின் மூட்டையையும் ஆயுதத்தையும் சோதிக்கும் விதிகளை அரசர் அப்படியே வைத்தார். மூன்று சாட்சி கேட்ட விதியையும், உள்ளே உறவு இருப்பதையே குற்றமாக்கித் திரும்பிப் போவதற்கு ஆதாரம் கேட்ட விதியையும் அங்கேயே கோடிட்டு அடித்தார்.

"பதினொரு பேர் இறந்தார்கள், அரசே" என்றார் மழவராயர், மெதுவாக.

"பன்னிரண்டு" என்றார் அரசர்.

மாலைக்குள் கொட்டகை காலியாகி வடக்கு வீதி நிறைந்தது. வந்தவர்கள் தாழ்ந்த குரலில் பேசியபடி நடந்தார்கள். அரசர் கேட்க ஆசைப்பட்ட இரைச்சல் எழவில்லை. அடுத்த வருடமும் பாதிப் பேர்தான் வந்தார்கள். மூடிய கதவைப் பற்றிய பேச்சு ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. திறந்த செய்தி அவ்வளவு வேகமாகப் போகவில்லை.

இப்படிப்பட்ட கதைகளில் கடைசியில் அரசர் சிரித்துப் பரிசு கொடுப்பார். இந்த அரசர் முன்னமே சிரித்து முடித்திருந்தார். மறுநாள் சபையில் தன் கழுத்துப் பொன்னாரத்தைக் கழற்றி வெண்காடனிடம் நீட்டினார். "தலை தப்பியது, புதிரும் தீர்ந்தது. வாங்கிக்கொள்."

"முதல் நாளே என் தலையைக் கொடுத்திருந்தால் அந்த அம்மாள் அவள் புருஷனைப் பார்த்திருப்பாள், மகாராஜா" என்றான் வெண்காடன். "என் தலைக்கு நான் போட்ட விலை இருபத்திரண்டு நாள். அதற்கு மேல் ஆரம் எதற்கு?"

அரசர் ஆரத்தைத் திரும்ப எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை சோமபாலன் கோட்டை வாயிலுக்கு வந்தான். கையில் வாய் கட்டிய சிறு மண்கலயம். வெளியே போகிறவர்களிடம் கேட்க வேண்டியது எதுவும் இல்லை. வெண்காடன் எழுந்து நின்று வழிவிட்டான்.

சோமபாலன் பலகைக்கு எதிரே வந்து நின்றான்.

"திரும்பிப் போறேன்யா" என்றான். "எழுதிக்கங்க."